இரண்டாவது மாத்திரை

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
மஞ்சக்குப்பம் லேபில் கொடுத்த தாளில்
அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில்,
எஃப்.ஐ.ஆரில் முதல் எதிரியின் பெயர் மாதிரி.

"நண்டு, இறால், முட்டை மஞ்சள்
எல்லாம் விட்டாச்சு மேடம்" என்றேன்.
டாக்டர் மெஹராஜ் பேகம் சிரிக்கவில்லை.
"விட்டது சரி, ஏட்டம்மா.
ஆனா காய்ச்சுறது உள்ளேயே நடக்குது.
உங்க கல்லீரல்தான். அதுவும் பெரும்பாலும் ராத்திரியில."

காய்ச்சுவது என்று
தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ.
பதினாறு வருடம் மதுவிலக்குப் பிரிவில் இருப்பவளுக்கு
அந்தச் சொல்லில் சவுக்குத் தோப்பு மணக்கும்:
மணலில் புதைத்த ஊறல் பானை,
வெல்லம் புளித்த காற்று,
டார்ச் பட்டதும் ஓடும் கால்கள்.

முதல் மாத்திரை, இரவுக்கு ஒன்று.
அது அடுப்பைத் தணிக்குமாம்.
தணிந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு கல்லீரல்
சும்மா இருக்காதாம்;
ஓடும் ரத்தத்துக்குள் கூடுதல் கைகளை நீட்டி
அகப்பட்ட கொழுப்பை அள்ளிக்கொள்ளுமாம்.
அப்படித்தான் எண் இறங்குமாம்.

இறங்கியது.
நூற்று இருபத்தாறில் வந்து
பஞ்சரான லாரியாய் நின்றது.

"டோஸை ரெண்டு மடங்காக்கலாமே?"
"ஆக்கலாம். இன்னும் நூத்துக்கு ஆறு குறையும். அவ்வளவுதான்."
எனக்கு எஸ்.ஐ. இளவழுதி ஞாபகம் வந்தார்.
தோப்பு ரெய்டுக்கு நாலு பேர் போதாதென்று
எட்டுப் பேரை அனுப்பிய மாசி மாதம்.
கூடக் கிடைத்தது ஒரு குடம்.

தாளைத் திருப்பிப் போட்டு
ஒரு குழாய் வரைந்தார். குடல்.
"உள்ளே செய்யறதைக் குறைச்சா
இந்த வழியா வர்றது கூடும். சிலருக்கு நிறையவே."

இதை எனக்கா சொல்ல வேண்டும்?
பானைகளை உடைத்த அந்தக் கோடையில்தானே
கன்னியக்கோயிலிலிருந்து குவார்ட்டர்கள்
பால் கேனில்,
கர்ப்பிணிபோல் கட்டிய வயிற்றில்,
பிணம் இல்லாத அமரர் ஊர்தியில்
வற்றிய பெண்ணையைக் கடந்து வந்தன.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டை இறுக்கினோம், தை மாதம்.
தோப்புக்குள் மறுபடி புகை.

"அப்ப ரெண்டையும் சாத்துங்க மேடம்."
எழுதினார்: எசெட்டிமைப், பத்து.
"இதுதான் உங்க செக்போஸ்ட்."

ராத்திரியில் தூங்காதவளின் கல்லீரல்
எப்போது காய்ச்சும் என்று கேட்டேன்.
அதற்கு மட்டும் சிரித்தார்.

எழுந்தபோது இன்னொன்று சொன்னார்.
மாத்திரை இறங்கிவிட்டது, அது இறங்கவில்லை.
குடலுக்கு வரும் கொழுப்பில் பெரும்பங்கு
நான் தின்றது இல்லையாம்.
என் கல்லீரலே பித்தத்தோடு அனுப்பிவைத்து
குடல் வழியே பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாம்.

கைப்பற்றிய எழுநூறு பாட்டில்
கோர்ட்டுக்குப் போகையில் ஐந்நூற்று அறுபதான கணக்கும்,
மிச்சம் எந்தப் பெட்டிக்கடையில் விற்றது என்பதும்
எனக்குத் தெரியும்.
மகஜரில் இருக்கும் கையெழுத்துகளில் ஒன்று
பெரியநாயகி, தலைமைக் காவலர்.

டாக்டரிடம் சொல்லவில்லை.
வேறொன்று கேட்டேன்:
ஒரு சொட்டும் இல்லாமல் செய்துவிட முடியாதா?
"கூடாது. ஒவ்வொரு செல்லோட சுவருக்கும் அது வேணும்."

இப்போது மணி ஒன்று நாற்பது.
முள்ளோடைப் பக்கம் விளக்குகள் அடங்கிவிட்டன.
தணிந்த அடுப்பின் முன் என் கல்லீரல்
உட்கார்ந்திருக்கும் நேரம்.
போன வாரத் தாளில் தொண்ணூற்றாறு.
பாட்டில் தண்ணீரில் இரண்டையும் விழுங்குகிறேன்,
தொப்பியைக் கழற்றாமல்.

பாலத்தின் மேல் ஒரு டாடா ஏஸ் வேகம் குறைக்கிறது.
"தர்பூசணி மேடம், முதுநகர் மார்க்கெட்டுக்கு."
தார்ப்பாயை விலக்கி டார்ச் அடிக்கிறேன்.

மேல் வரிசை தர்பூசணிதான்.